மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் செய்கிற தவறுகள்

பெரிய தவறு இதுதான்: பாசிக்குடாக் கடற்கரையில் அறை எடுத்துவிட்டு, ஒரு மத்தியானம் மட்டும் டவுனுக்கு ஓடி வருவது. கொளுத்துகிற வெயிலில் கோட்டை வாசலில் ஒரு படம், கல்லடிப் பாலத்தில் ஒரு படம், அப்புறம் “அங்க பாக்க ஒண்டுமில்ல” என்று ஊருக்கெல்லாம் சொல்வது. வாவிக்கரை ஊரை விடியற்காலையிலும் பொழுதுபடுகிற நேரத்திலும்தான் பார்க்க வேண்டும், அதனால் ஒரு இரவாவது தங்குங்கள்.

கோட்டையை அரும்பொருட்காட்சிச்சாலை மாதிரி எதிர்பார்த்து வராதீர்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தது, பிறகு நீண்ட காலம் கச்சேரியே, அதாவது மாவட்ட அரச அலுவலகமே, அதற்குள்தான் நடந்தது. மதிலோரமாக மெதுவாக நடந்தாலே போதும்.

வாவிக்குள்ளிருந்து இரவில் எழுகிற ஒலியைப் பாடும் மீன் என்பார்கள், அந்த விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பகலில் வந்து, பாலத்தில் வாகனங்கள் இரைகிறபோது காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் என்ன கேட்கும்? ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வாவி அடங்கிக் கிடக்கிற மாதங்களில், நிலவு முழுசாகக் காய்கிற இரவில், பழைய கல்லடிப் பாலத்துப் பக்கம் தோணியில் போக வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால், தம்பூராவைத் தூரத்தில் யாரோ மீட்டுகிற மாதிரி ஒரு முனகல். மீனா, சிப்பியா என்று இன்னும் வாதம் ஓயவில்லை. எனக்கு இரண்டு தரம் ஒன்றும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழுகிற பக்கமான எழுவான்கரையோடு திரும்பிவிடுவது. சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை, வயலும் எருமையுமாக அது வேறு உலகம். மண்முனையில் முன்பு வாவியைக் கடக்கப் பாதைக்கு, அதாவது ஆள்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவைக்கு, காத்துக் கிடந்தோம், 2014இல் பாலம் வந்துவிட்டது, இனிச் சாக்குச் சொல்ல முடியாது. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில், பறங்கியர் முன்னால் புல்லுத் தின்றதாகச் சொல்கிற கல் நந்தியைப் பாருங்கள், ஆனால் மத்தியானம் போய் நடை சாத்தியிருக்கிறதென்று சலிக்காதீர்கள். காத்தான்குடியில் கடை பார்க்க வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் போவதும் இதே கதைதான்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி, வெள்ளமும் வரும். அந்த மாதங்களில் தோணிப் பயணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எருமைத் தயிர் சட்டியோடு வாங்கினால் பஸ்ஸில் தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்காதீர்கள். வாழைச்சேனை தாண்டுவதற்குள் என் வெள்ளைச் சட்டை போனது.