கோழி நெஞ்சுக்கறி வறண்டு போவதைச் சரிசெய்த விதம்

நெஞ்சுக்கறி எப்போது சமைத்தாலும் நார் நாராக, தொண்டையில் அடைக்கிற மாதிரிதான் வரும். தீயைக் குறைத்தேன், மூடி வைத்தேன், எண்ணெயைக் கூட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை. விஷயம் புரதத்தில் இருக்கிறது. தசையிலுள்ள மயோசின் என்ற புரதம் 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இறுகத் தொடங்கும், அதுவரை பரவாயில்லை. 65-ஐத் தாண்டி ஆக்டின் என்ற இன்னொரு தசைப் புரதமும் இறுகும்போதுதான் நார்கள் சுருங்கி உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிழிந்து தள்ளுகின்றன, கடாயில் தேங்குகிற நீர் அதுதான்.

சரி, தண்ணீரைப் பிடித்து வைக்க உப்பு. லிட்டருக்கு 50 கிராம் கரைத்து, கறியை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊற வைக்கிறேன். உப்பு மயோசினைக் கொஞ்சம் இளக்கிவிடுவதால் சூட்டில் அவ்வளவாகப் பிழிபடாது. அப்புறம் ஒரு சமையல் தெர்மாமீட்டர். கனமான இடத்தின் நடுவில் 74 காட்டியதும் இறக்கிவிடுவேன். கிருமிக்கு அது போதும், அதற்கு மேல் வேகவிடுவது வீண்.

வறண்ட கறியில் சத்தே இல்லை என்பார்கள், அப்படியில்லை. போவது பெரும்பாலும் தண்ணீர், புரதம் அங்கேயேதான் இருக்கும். கருகவிட்டால்தான் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் கொஞ்சம் வீணாகும். இறக்கியதும் வெட்டினால் பலகை நனையும், ஐந்து நிமிடம் விட்டால் அதுவும் குறையும்.