பின்பக்கம் தாழ்ந்த பிக்கப்: குதிரை டிரெய்லர் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்றோடு முடிவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளை வாங்கி வளர்க்கும் ஆசை அதற்கு முன்பே எங்கள் செம்பனைத் தோட்டப் பக்கங்களில் தலைகாட்டியிருந்தாலும், அண்மைக்காலமாக மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள என் கொட்டகைக்கு வந்து எந்த டிரெய்லரை வாங்கலாம் என்று விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாருமே பிக்கப்பை முதலில் வாங்கிவிட்டு, அதன் பிறகு யோசனை கேட்பவர்கள். எங்கள் தலைமுறை செய்து முடித்த தவறுகளையே அவர்களும் வரிசை தவறாமல் செய்கிறார்கள். விளக்கு எரிகிறதா, பாதுகாப்புச் சங்கிலி மாட்டியாயிற்றா என்பன போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

இழுவைத் திறன் ஒன்றை மட்டும் பார்ப்பது

ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்புகளுக்கு ஆஸ்திரேலிய விளம்பரங்களில் 3,500 கிலோ இழுவைத் திறன் என்று போட்டிருப்பார்கள். பிரேக் பொருத்திய டிரெய்லருக்கு மட்டுமே அந்த எண் பொருந்தும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அதே வண்டியின் வரம்பு 750 கிலோ. மேலும், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனி வரம்பு ஒன்று உண்டு. அது 5,850 கிலோ என்றும், பிக்கப்பின் வெற்று எடை 2,100 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், 3,500 கிலோ டிரெய்லரை மாட்டியபின் வண்டிக்குள் ஆளும் பொருளும் சேர்ந்து 250 கிலோதான் ஏறலாம். மூன்று பேர் உட்கார்ந்தாலே கணக்கு முடிந்துவிடும்.

பின்பக்கம் தாழ்ந்ததும் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். இதற்குப் பட்டறைக்காரர்களே யோசனை சொல்லிக் கொடுப்பதால் எரிச்சல் இரட்டிப்பாகிறது.

டிரெய்லரின் கழுத்து, பிக்கப்பின் பின்னால் உள்ள இரும்புக் குண்டின் மேல் வந்து உட்காரும்போது, டிரெய்லர் எடையில் ஒரு பங்கு செங்குத்தாகக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆஸ்திரேலியப் பழக்கத்தில் இந்தக் கழுத்துப் பாரம் மொத்த டிரெய்லர் எடையில் சுமார் 10 விழுக்காடு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் செய்யப்பட்டவை இதைவிடக் குறைந்த பாரத்துக்கு அமைக்கப்பட்டவை என்பதால், உங்கள் டிரெய்லரின் தகட்டில் உள்ளதையே பின்பற்ற வேண்டும். மூன்று குதிரைகள் சாய்வாக நிற்கும்படி அறைகள் பிரித்த டிரெய்லர் ஒன்றின் வெற்று எடை 1,400 கிலோ, இரண்டு குதிரைகள் 1,000 கிலோ, சேணம் முதலியவை 100 கிலோ என்றால் மொத்தம் 2,500 கிலோ. கழுத்துப் பாரம் 250 கிலோ.

அந்த 250 கிலோவைப் பிக்கப் சுமக்க வேண்டும் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 900 கிலோ ஏற்றலாம் என்று அனுமதி பெற்ற வண்டியில் நான்கு பெரியவர்கள் 300 கிலோ, பின்தொட்டியின் மூடியும் இரும்புப் பம்பரும் 130 கிலோ, தீவன மூட்டைகள் எட்டு 200 கிலோ என்று ஏற்கெனவே 630 கிலோ ஏறியிருக்கும். கழுத்துப் பாரத்தையும் சேர்த்தால் 880 கிலோ ஆகிறது. குதிரைக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு டிரம்முக்குக்கூட இடமில்லை.

இத்தோடு முடிவதில்லை. குண்டு பின் அச்சுக்குச் சுமார் 1.25 மீட்டர் பின்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 3.1 மீட்டர். ஆகவே கடப்பாரையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புவதுபோல, குண்டில் 250 கிலோ அமர்ந்தால் முன் அச்சிலிருந்து ஏறக்குறைய 100 கிலோ குறைந்து, பின் அச்சில் 350 கிலோ கூடுகிறது. ஸ்டீயரிங் இலேசாகிவிட்டது என்று சிலர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். முன்சக்கரங்கள் சாலையைப் பிடிக்கும் பிடி குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இந்த நிலையில் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முகம் வானத்தைப் பார்க்கும். அதைக் கண்ட மாத்திரத்தில் இரண்டு யோசனைகள் வந்து சேரும். ஒன்று, கூடுதல் ஸ்பிரிங் பட்டை போடுவது. பட்டை போட்டால் பின்பக்கம் நிமிரும். ஆனால் அச்சும் டயரும் பிரேக்கும் சட்டமும் பழையவையே என்பதால் அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோவும் கூடாது. மற்றொன்று இதைவிட மோசம்: டிரெய்லரின் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்தை இலேசாக்குவது.

தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு இரண்டு குதிரைகளை ஏற்றிச் சென்ற ஓர் இளைஞருக்குப் பட்டறையில் சொல்லப்பட்டதும் அதுவே. முன்னறையைக் காலியாக விட்டு, இரண்டு குதிரைகளையும் பின்னறைகளில் நிறுத்தியதும் பிக்கப் அழகாக நிமிர்ந்துகொண்டதாம். நான் என் வண்டியில் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கோலகங்சாரைத் தாண்டி, மெனோரா சுரங்கப்பாதை வழியாக ஜெலாப்பாங்கை நோக்கி இறங்கும் சரிவில், ஒரு லோரி அவரை முந்திச் சென்றபோது டிரெய்லரின் பின்புறம் முதலில் ஒரு சாண் அளவு அசைந்தது. அடுத்த அசைவு அதைவிடப் பெரியதாக இருந்தது. பயந்துபோய் அவர் பிரேக்கை மிதித்ததும் டிரெய்லர் பக்கத்துத் தடம் வரை வீசி, திரும்பி வந்து, ஓரத்துத் தடுப்பை உரசிக்கொண்டே நின்றது. ஆட்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் தடுப்புப் பலகைக்கு மேலே கால் போட்டுவிட்ட பழுப்புக் குதிரையின் பின்னங்கால் மூட்டுத் தோல் கிழிந்து தொங்கியது. கால்நடை மருத்துவருக்குக் கொடுத்த பணத்தில் அடுத்த அளவு வண்டிக்கு முன்பணம் கட்டியிருக்கலாம். டிரெய்லரின் கழுத்தை நான் பிடித்துப் பார்த்தபோது, குதிரைகள் உள்ளே நின்றுகொண்டிருந்தும், கைக்குத் தூக்க வரும்போல இருந்தது.

கழுத்துப் பாரம் குறைந்த டிரெய்லர் வேகத்தில் ஆடத் தொடங்கும். அந்நேரத்தில் செய்ய வேண்டியது, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடிப்பது. மின்சார பிரேக் இருந்தால், ஓட்டுநர் பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வழியாக டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்குவது. கால் பிரேக்கை அழுத்தினால் முன்னால் உள்ள வண்டி வேகம் குறைய, பின்னால் உள்ள டிரெய்லர் அதைத் தள்ளும்.

ஆகவே பின்பக்கம் தாழ்ந்தால் மூட்டைகளைப் பிக்கப்பிலிருந்து இறக்கவும், ஆட்களை வேறு வண்டியில் அனுப்பவும், அதற்கும் சரிவரவில்லையென்றால் சிறிய டிரெய்லரையோ பெரிய வண்டியையோ தேடவும். குதிரைகள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்க வேண்டும்.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவது

எங்கள் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. செம்பனை எண்ணெய் ஆலை ஒவ்வொன்றிலும் எடைமேடை இருக்கிறது. ஆலையின் கிராணியிடம் (எழுத்தரிடம்) முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, குலை லோரிகளின் வரிசை ஓய்ந்த மாலையில் போனால், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். முதலில் ஆட்களும் பொருள்களும் ஏற்றிய பிக்கப்பை மட்டும் நிறுத்தி எழுதிக்கொள்ளவும். பிறகு, ஏற்றிய டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்கும்படி பிக்கப்பை மட்டும் மேடையில் நிறுத்தவும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கழுத்துப் பாரம். பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினால் பின் அச்சின் சுமையும் தெரிந்துவிடும். லோரிகளுக்காகச் செய்யப்பட்ட மேடை என்பதால் பத்து, இருபது கிலோ முன்பின் இருக்கலாம்; நம் தேவைக்கு அது போதும்.

குதிரையின் எடைக்கு அளவு நாடா உதவும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையிலான நீளத்தாலும் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 185, நீளம் 165 என்றால் சுமார் 475 கிலோ.

சரிவில் கால் பிரேக்கையே நம்புவது

மெனோரா போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, பிடிமானத்தை இழக்கும். உச்சியிலேயே கியரைக் குறைத்து, வேகத்தையும் அங்கேயே குறைத்துவிட வேண்டும்.

ஒற்றைக் குதிரையை இடப்பக்கம் நிறுத்துவது

இரண்டு குதிரைகள் அருகருகே நேராக நிற்கும் டிரெய்லரில் ஒரு குதிரை மட்டும் போவதானால் அது வலப்பக்கம், ஓட்டுநர் பக்கத்தில் நிற்க வேண்டும். நம் சாலைகள் இடது ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். பாரமும் அந்தப் பக்கமே இருந்தால் மழை நாளில் தோட்டச் சாலையின் மண் ஓரம் டிரெய்லரை இழுத்துக்கொள்ளும்.

குண்டின் அளவு

50 மில்லிமீட்டர் கழுத்துக்கு 50 மில்லிமீட்டர் குண்டு. ‘கிட்டத்தட்ட அதே அளவுதான்’ என்று கடைக்காரர் சொன்னால் வாங்க வேண்டாம்.

டயர்

டிரெய்லர் டயரின் பூ (சாலையைத் தொடும் வரிப்பள்ளம்) தேயும் முன்பே வெயிலில் ரப்பர் வெடிப்பு விட்டுவிடும்; ஆகவே டயரின் வயது முக்கியம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்கவும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

தரைப் பலகை

பழைய டிரெய்லர் வாங்குவதானால், விலை பேசுவதற்கு முன் ரப்பர் பாயைத் தூக்கச் சொல்லவும். சிறுநீர் ஊறிய பலகை மேலே நன்றாகத் தெரிந்தாலும் அடியில் உளுத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று ஓரங்களிலும், குதிரையின் பின்னங்கால்கள் நிற்கும் இடத்திலும் பார்க்கவும். பாயைத் தூக்க விற்பவர் தயங்கினால் அந்த டிரெய்லர் வேண்டாம்.