யூத அறநெறியைப் படிக்கும்போது தடுக்கி விழும் இடங்கள்

எல்லா மனிதருக்கும் பொதுவான அறம் பற்றி இடைக்கால யூத அறிஞர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடினால், ஆளுக்கொரு வரியை வெட்டி எடுத்து வருகிறார்கள். ஒருவர் எவ்வளவு பரந்த மனம் என்பார், இன்னொருவர் எவ்வளவு குறுகிய பார்வை என்பார். இருவர் செய்வதும் ஒரே தவறுதான்.

முதலில், பத்துக் கட்டளைகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். யூதச் சட்டப்படி அவை இஸ்ரயேலருக்கானவை, அதிலுள்ள ஓய்வுநாள் மற்றவர்களுக்குக் கடமையே இல்லை. எல்லாருக்கும் என்று தல்மூத் (யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பு) வைப்பது, பெருவெள்ளக் கதையில் வரும் நோவாவின் பெயரால் வழங்கும் ஏழு கட்டளைகளை: சிலை வழிபாடு, இறைநிந்தனை, கொலை, தகாத உறவு, திருட்டு, உயிருள்ள விலங்கின் உறுப்பை அறுத்துத் தின்பது இவையெல்லாம் கூடாது, அப்புறம் நீதிமன்றம் அமைத்தாக வேண்டும்.

அதற்காக இதை இன்றைய மனித உரிமைப் பிரகடனம் போலவும் படிக்கக் கூடாது. இவை உரிமைகள் அல்ல, கடமைகள். மீறினால் மரண தண்டனை என்றே யூதச் சட்ட அறிஞரும் தத்துவவாதியுமான மைமோனிடிஸ் எழுதுகிறார், அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையில்லை.

மைமோனிடிஸிடம்தான் (1138–1204) பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கடவுள் மோசே வழியாகக் கட்டளையிட்டார் என்பதற்காக இந்த ஏழையும் கடைப்பிடிக்கும் பிற இனத்தார் பக்திமான், மறுமையில் அவருக்குப் பங்குண்டு என்கிறார். தன் அறிவுக்குச் சரியென்று பட்டதால் மட்டும் கடைப்பிடிப்பவர் பக்திமான் இல்லை, ஞானியும் இல்லை என்று அவருடைய சட்டத் தொகுப்பான ‘மிஷ்னே தோரா’வின் பழைய அச்சுப் பதிப்புகளில் இருக்கிறது. அறிவை மட்டும் நம்பி நல்வழி நடப்பவரை யூதர்கள் ஏற்பதில்லை என்று 1670-இல் தத்துவவாதி ஸ்பினோசா இதை எடுத்துக்காட்டித்தான் வாதாடினார். ஆனால் கையெழுத்துப் பிரதிகளில் ‘பக்திமான் இல்லை, ஆனால் ஞானி’ என்று இருக்கிறது. எபிரேயத்தில் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து! அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் அவர் பகுத்தறிவையே மதிக்கவில்லை என்று தீர்ப்பு எழுதுவது பெரிய அநியாயம். அதே நூலில் இரண்டு அத்தியாயம் தள்ளிப் போனால், பிற இனத்தாரின் நோயாளிகளையும் போய்ப் பார்க்க வேண்டும், அவர்களுடைய ஏழைகளுக்கும் உதவ வேண்டும், ஏனென்றால் ஆண்டவர் எல்லாருக்கும் நல்லவர் என்று பைபிளின் சங்கீதப் பாடலைக் காட்டிச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அவர் ஒருவரையே ‘யூத மதத்தின் கருத்து’ ஆக்கிவிடுவதும் தவறுதான். 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த யூத அறிஞர் சாதியா காவோன், கொலையும் திருட்டும் கூடாது என்பதை அறிவே சொல்லிவிடும் என்றார். அப்படிச் சில கட்டளைகளை ‘அறிவு சொல்பவை’ என்று தனியாகப் பிரித்துப் பேசுவதை மைமோனிடிஸ் ஏற்கவில்லை. இடைக்கால யூதக் கவிஞரும் சிந்தனையாளருமான யெகூதா ஹலேவிக்கோ அறிவு சொல்லும் அறம் ஆரம்பப் படி மட்டும், கொள்ளைக் கூட்டத்துக்குள்கூட நியாயம் இல்லாவிட்டால் கூட்டம் நிலைக்காதே என்று கேட்கிறார். எனக்கு இந்த மொத்த விவாதத்திலும் மிகப் பிடித்த வாதம் இதுதான்.

கடைசியாக, இன்றைய தெற்கு பிரான்சிலுள்ள பெர்பினியானில் வாழ்ந்த தல்மூத் உரையாசிரியர் மெனாஹெம் மெய்ரி. மத ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட எந்த மக்களுக்கும் யூதரல்லாதவரை வேறுபடுத்தும் தல்மூதின் பழைய விதிகள் பொருந்தாது, தொலைந்த பொருளை அவர்களுக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றவர். துணிச்சலான நிலைப்பாடு, கட்டாயம் மேற்கோள் காட்டுங்கள். ஆனால் அந்தக் காலத்தில் எல்லாரும் ஏற்ற தீர்ப்பு போல எழுதிவிடாதீர்கள். அவருடைய தல்மூத் விளக்கவுரைகளில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது.