சம்ப் பம்ப் ஓடவில்லையா? குழிக்குள் கை விடுவதற்கு முன் படியுங்கள்

வீட்டின் நிலத்தடி அறையில் ஊறும் தண்ணீர் ஒரு குழியில் சேரும். அதை வெளியே தள்ளுவதுதான் சம்ப் பம்பின் வேலை. மற்ற மோட்டார்களைப் போல இதை யாரும் போடுவதில்லை, அணைப்பதும் இல்லை. தண்ணீர் ஏறினால் மிதவை மேலே போய் மோட்டாரை ஓட்டும், இறங்கினால் நிறுத்தும். பழுது பார்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான்.

ஓடாமல் கிடக்கும் பம்பை 'ஆஃப்' ஆகிவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு. மிதவை குழியின் சுவரிலோ வயரிலோ சிக்கியிருக்கலாம். கை பட்டு அது விடுபட்ட நொடியில் மோட்டார் ஓடத் தொடங்கும். இன்னொன்றும் உண்டு. பல பம்புகளில் மோட்டார் அதிகமாகச் சூடானால் நிறுத்திவிடும் பாதுகாப்பு அமைப்பு உள்ளேயே இருக்கிறது. சூடு தணிந்ததும் அது தானாக மறுபடி ஓட்டிவிடும். அந்த நேரத்தில் விரல் இம்பெல்லருக்குள் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாதா? போதாது. வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் பம்ப் வரை மின்சாரம் வந்து நிற்கும்.

அடுத்தது, தரையில் தண்ணீர் நிற்கும்போது உள்ளே இறங்குவது. சாக்கெட்டையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸையோ தண்ணீர் தொட்டிருந்தால் அந்த அறையில் கால் வைக்கவே கூடாது. மெயினை அணைக்க முடிந்தால் அணைக்கலாம், ஆனால் காய்ந்த இடத்தில் நின்றபடி. மெயின் போர்டே அந்த அறைக்குள் இருந்தால் வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும்படி மின்வாரியத்தையோ மின்சார நிறுவனத்தையோ அழைப்பதுதான் வழி. ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேனே என்ற தைரியம் இங்கே உதவாது.

பிளக்கைக் கழற்றியாயிற்று, சரி, பம்பை மேலே எடுக்க வேண்டும். வயர் கைக்கு வாகாக இருப்பதால் அதைப் பிடித்தே தூக்குகிறார்கள். வயர் மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் புகாதபடி ஒரு சீல் இருக்கும். இழுத்து இழுத்து அது தளர்ந்தால் தண்ணீர் உள்ளே போகும். இன்று நன்றாக ஓடுகிற பம்ப் பிற்பாடு ஷாக் அடிப்பதற்கு இதுவே காரணமாகலாம். கைப்பிடியைப் பிடித்துத் தூக்குங்கள். எட்டவில்லை என்றால் கைப்பிடியில் கயிறு கட்டுங்கள்.

பம்ப் ஓடத் தொடங்கியதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறதா? மின்சாரம் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஆளைக் காப்பாற்றுவதற்காகப் பல நாடுகளின் வீடுகளில் வைக்கப்படுவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். "சும்மா சும்மா விழுகிறது" என்று அதைத் தாண்டி நேரடி இணைப்பு கொடுப்பதைவிட ஆபத்தான வேலை இந்தப் பட்டியலில் வேறு இல்லை. எம்.சி.பி. (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தால் பெரிய ஆம்பியருக்கு மாற்றுவதும் அதே ரகம்: அடைத்துக்கொண்ட மோட்டார் அதிக மின்சாரத்தைத் தொடர்ந்து இழுக்கும், சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும்.

இனி நோயைக் கண்டுபிடிக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள். மோட்டார் எரிந்துவிட்டது என்று புதுசு வாங்குகிறவர்கள் முதலில் மிதவையைப் பார்த்திருக்கலாம். சில பம்புகளில் மிதவையின் பிளக் சாக்கெட்டிலும், பம்பின் பிளக் அதன் முதுகிலும் செருகியிருக்கும். பம்ப் குழித் தண்ணீரில் இருக்கும்போது, ஈரமில்லாத கையோடு காய்ந்த இடத்தில் நின்று, பம்பின் பிளக்கை நேராக சாக்கெட்டில் சில நொடிகள் செருகிப் பாருங்கள். ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. மிதவை ஸ்விட்சை மட்டும் மாற்றினால் போதும். வெளியே எடுத்து வைத்துக் காய்ந்தபடி ஓட்டிப் பார்க்க வேண்டாம். அந்த மோட்டாருக்கும் அதன் சீலுக்கும் தண்ணீர்தான் குளிர்ச்சி.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் அடிச் சல்லடையில் கல்லோ சேறோ அடைத்திருக்கலாம். உள்ளே காற்று சிக்கி ஏர்லாக் ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு. இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. வெளியேற்றும் குழாயில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வுக்குக் கீழே, சுமார் 3 முதல் 5 மி.மீ. அளவில் ஒரு சிறு துளை இருக்கும். பம்ப் ஓடும்போது அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். குழாய் ஓட்டை என்று நினைத்து அதை அடைத்துவிடுகிறார்கள். சிக்கிய காற்று வெளியேறுவதற்காகவே போட்ட துளை அது! அடைத்துவிட்டால் பம்ப் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

சில நொடி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது என்றால் என்.ஆர்.வி.யைச் சந்தேகப்படுங்கள். அது மூடாவிட்டால் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் குழிக்கே விழும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வெளியே போய்க் குழாயின் முனையைப் பாருங்கள். சுவரை ஒட்டியே தண்ணீரைக் கொட்டினால் அது மண்ணில் இறங்கிக் குழிக்கே வரும்.

குழியில் பெட்ரோல் வாடையோ எரிவாயு வாடையோ வந்தால் பிளக்கைக்கூடத் தொட வேண்டாம், ஒரு பொறி போதும். வெளியேறி உதவிக்கு அழையுங்கள். கழிவுநீர் சேரும் மூடிய குழிக்குள் தலையை விடவோ இறங்கவோ கூடாது. அங்கே நச்சு வாயு நிற்கலாம். மின்வெட்டு நேரத்தில் பம்பை ஓட்ட ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்காதீர்கள், அதன் புகையில் வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு.

எல்லாம் பொருத்தியபின் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாகக் குழியில் ஊற்றுங்கள், தேவைப்பட்டால் இன்னும் ஒன்றிரண்டு வாளி. மிதவை தானே ஏறி, மோட்டார் ஓடி, தண்ணீர் இறங்கி, மோட்டார் தானே நிற்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். அப்புறம் குழியை மூடிவிடுங்கள், முக்கியமாக வீட்டில் குழந்தைகள் இருந்தால்.