பழைய டகுமார் லென்ஸ் மஞ்சளடிக்குதா?

பென்டாக்ஸோட சூப்பர் டகுமார் 50 எம்எம் எஃப் 1.4 மாதிரி 60கள், 70கள் காலத்து சில லென்ஸ அடாப்டர் (இணைப்பு வளையம்) போட்டு இப்பத்திய மிரர்லெஸ் கேமரால மாட்டினா படம் பூரா டிகாஷன் ஊத்தின மாதிரி வரும். சென்சார் கோளாறு இல்லீங்க, உள்ள ஒரு கண்ணாடில தோரியம்ங்கிற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கு, அந்தக் கதிர்வீச்சு பட்டுப்பட்டே கண்ணாடி பழுப்பேறிடுது. வெள்ளப் பேப்பர் மேல லென்ஸ வச்சுப் பாருங்க, உடனே தெரியும்.

அவசரத்துக்கு, படம் எடுக்கிற அதே வெளிச்சத்துல கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) பிடிச்சு கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாவே தெரியற மாதிரி நிறத்த நாமளே சரிபண்றது) செட் பண்ணிட்டு ரா-ல (கேமரா பதப்படுத்தாத மூல ஃபைல்) எடுங்க, ஆட்டோவ நம்பினா ஷாட்டுக்கு ஒரு கலர் குடுக்கும். ஆனா அந்த மஞ்சள் கொஞ்சம் வெளிச்சத்தையும் தின்னுடும், அந்த வெளிச்சம் ஒயிட் பேலன்ஸ் மாத்துறதால திரும்பி வராது.

கறையே போகணும்னா யூவி (புற ஊதா) எல்ஈடி விளக்க பின்பக்கக் கண்ணாடி மேல காட்டி, முன்பக்கம் அலுமினியம் ஃபாயில் சுத்தி நாள்கணக்குல விடுங்க, விளக்க மட்டும் நேரா பாக்காதீங்க (நான் ஷூ டப்பாக்குள்ள வச்சு மூடிடுவேன்). வெயில்லயும் வைக்கலாம், மெதுவா வெளுக்கும், ஆனா ஃபாயில் இல்லாம ஜன்னலோரம் வச்சுட்டு வெளிய போயிடாதீங்க, பூதக்கண்ணாடி மாதிரி சூட்டக் குவிச்சு ஸ்கிரீன் துணி பத்திக்கும்.