திருகோணமலையிலிருந்து தூரப் பயணம்: கைப்பையில் நாம் விடும் பிழைகள்

வெளிநாட்டுப் பயணத்துக்கு முதல் நாள் இரவு வீடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விறாந்தையில் தராசு. பெரிய பெட்டி 30 கிலோவைத் தாண்டி நிற்கும். மிளகாய்த்தூள் பையை எடுத்தால் நிறை சரியாகிவிடும், ஆனால் அம்மா விடமாட்டார். "அதைக் கைப்பையிலை வையுங்கோ" என்று ஒரு குரல் வரும். பிறகு பயற்றம் பணியாரம், பக்கத்து வீட்டு அன்ரி தன் மகனுக்குத் தந்துவிட்ட பார்சல், கடைசி நேரத்தில் யாரோ கொண்டுவந்த கருவாடு என்று ஒவ்வொன்றாக அதற்குள் போகும். விடிவதற்குள் கைப்பை, பெரிய பெட்டியின் தம்பியாகிவிடும்.

முதல் பிழை அங்கேதான். பெரிய பெட்டியில் மிஞ்சியதைக் கைப்பையில் போடுகிறோம். நமக்கு வழியில் என்ன வேண்டும் என்று கேட்டு ஒருவரும் அதை அடுக்குவதில்லை.

விமானப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து தொடங்குவார்கள். நமக்கு அது வீட்டுப் படலையில் தொடங்குகிறது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேரக் கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர், வான் வண்டியில் ஐந்தாறு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம். டுபாய்க்கு ஐந்து மணி நேரம் வரை, அங்கே ஒரு மூன்று மணி நேரக் காத்திருப்பு, பிறகு ரொறன்ரோவுக்கு 14 மணி நேரம். கூட்டிப் பாருங்கள், 30 மணி நேரம் வந்துவிடும். அவ்வளவு நேரத்துக்கும் உங்களுடைய அலுமாரி, குளியலறை, மருந்துப்பெட்டி எல்லாம் அந்த ஒரு பைதான்.

இங்கிருந்து அதிகம் பேர் ஏறும் வளைகுடா விமானங்களில் எக்கொனமி வகுப்புக்குக் கைப்பை 7 கிலோ. சில்லு வைத்த சின்னப் பெட்டியே வெறுமையாக இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். கிட்டத்தட்டப் பாதிக் கணக்கு அதிலேயே போய்விடுகிறது. இழுக்கச் சுகம் என்பதற்காக அதை வாங்குகிறோம். வயதானவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு முதுகில் மாட்டும் துணிப்பையே மேல் என்பது என் கட்சி.

எனக்கு இந்தப் புத்தி சும்மா வரவில்லை. ஒருமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, இடைமாறும் இடத்தில் விமான வாசலில் நின்றவர்கள், "மேலே இடமில்லை, இதைக் கீழே அனுப்புகிறோம்" என்று எங்கள் கைப்பெட்டியை வாங்கி அட்டை கட்டிவிட்டார்கள். நானும் நல்லதாய்ப் போச்சு, தூக்கிற வேலை மிச்சம் என்று கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். விமானம் எழும்பி ஒரு மணி நேரத்தில் அம்மா கேட்டார்: "தம்பி, என்ரை பிறஷர் குளிசை எங்கை?" குளிசை, கண்ணாடி, கம்பளிச் சால்வை எல்லாம் எங்கள் காலடிக்குக் கீழே, சரக்கறையில். இன்னும் 13 மணி நேரம் இருந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பைக்குள் பை. தோளில் மாட்டும் ஒரு சின்னத் துணிப்பை, கைப்பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். பாஸ்போட், குளிசை, கண்ணாடி, சார்ஜர், பேனை, பல்துலக்கி, முகம் துடைக்க ஒரு சின்னத் துவாய், ஒரு சோடி மேசு. வாசலில் பெட்டியைக் கேட்டால் சின்னப் பையை உருவிக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம். கேட்காவிட்டால் பெட்டி மேல்தட்டில், சின்னப் பை முன் இருக்கைக்குக் கீழே. நடுச்சாமத்தில் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பி மேல்தட்டைத் திறக்கிற சங்கடமும் இல்லை. ஆனால் அந்தச் சின்னப் பை சின்னதாகவே இருக்க வேண்டும். காலடியில் பெரிய பொதியை அடைத்துவிட்டால் காலை நீட்ட இடமில்லாமல் 14 மணி நேரம் முழங்காலை மடித்தபடி இருக்க வேண்டிவரும்.

குளிசை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி கிளினிக்கில் சின்னச் சின்ன உறைகளில் மருந்து தருகிறார்கள். நம் பெரியவர்கள் அதை அப்படியே பழைய பிஸ்கட் ரின்னுக்குள் கொட்டிக்கொண்டு போவார்கள். எந்த நிறம் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும், சுங்க அதிகாரிக்குத் தெரியாது. மருந்தின் பெயர் தெரியும் உறையோ அட்டையோ, கூடவே ஆங்கிலத்தில் வைத்தியரின் ஒரு கடிதமோ மருந்துச் சீட்டோ இருக்கட்டும். பயண நாளுக்கு மட்டும் என்று எண்ணி வைக்காதீர்கள். பெரிய பெட்டி பிந்தி வந்தாலும் சமாளிக்க ஒரு வாரத்துக்கு உரியது கையில் வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கறைக் குளிரில் அது உறைந்துவிடலாம், உறைந்த இன்சுலின் உதவாது.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்தும் எல்லோரும் மாட்டிக்கொள்கிற விடயம். 2006 ஓகஸ்ட் மாதம் பிரித்தானியாவில் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்த விதி இது: ஒரு போத்தல் 100 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது, எல்லாப் போத்தல்களும் ஒரு லீற்றர் கொள்ளும் தெளிவான பைக்குள் அடங்க வேண்டும். போத்தலின் அளவுதான் கணக்கு. 200 மில்லிலீற்றர் போத்தலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. சில விமான நிலையங்களில் புதிய ஸ்கானர் வந்து இந்தக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது, ஆனால் வழியில் ஓரிடத்தில் பழைய விதி இருந்தாலும் சாமான் அங்கேயே நின்றுவிடும்.

நாம் பிழை விடுவது தண்ணீரில் இல்லை, எது திரவம் என்பதில். ஊற்றக்கூடியது, பூசக்கூடியது, வழியக்கூடியது எல்லாம் அவர்களுக்குத் திரவம்தான். தேசிக்காய் ஊறுகாய், நெய், தேன், கட்டைச் சம்பல், சட்டித் தயிர் எதுவும் தப்பாது. என் முதல் பயணத்தில் அம்மா போட்ட ஊறுகாய்ப் போத்தல் கட்டுநாயக்கவைத் தாண்டிவிட்டது. எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை. இடைமாறும் இடத்தில் மறுபடி சோதித்தபோது குப்பைத்தொட்டிக்குள் போனது. ஊறுகாய் பெரிய பெட்டிக்கு, மூன்று பொலித்தீன் சுற்றி. மிளகாய்த்தூளும் அங்கேதான். பெரிய தூள் பொதியைக் கண்டால் பையைத் திறந்து பார்ப்பார்கள், உங்களுக்குப் பின்னால் வரிசை நிற்கும். கோணேசர் கோயில் விபூதியைச் சின்னப் பொட்டலமாகக் கொண்டுபோவதில் பிரச்சினையில்லை, அதைப் பெயரில்லாத பெரிய வெள்ளைத்தூள் பையாக்காதீர்கள். காய்ந்த தேங்காய்க் கொப்பரையை எந்தப் பெட்டியிலும் வைக்க வேண்டாம். அதன் எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமான விதிகளில் அது ஆபத்தான பொருள். நம்ப மாட்டீர்கள், உண்மை.

தீ என்றதும் பவர் பாங்க். இது நேர்மாறு: பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில் மட்டும்தான். லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் ஆட்கள் இருக்கும் இடத்தில் உடனே அணைக்கலாம், சரக்கறையில் முடியாது. 100 வாட்-மணி வரை அனுமதி. கணக்கு லேசு: மில்லி அம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்றால் 74, பிரச்சினையில்லை. 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். எழுத்து அழிந்துபோன பழையதை வீட்டிலேயே விடுங்கள். 2025 ஒக்டோபர் 1 முதல் எமிரேட்ஸ் விமானங்களில் ஆளுக்கு ஒன்று கொண்டுபோகலாம், பாவிக்கத்தான் முடியாது. ஆகவே போனைக் கட்டுநாயக்கவிலேயே நிறையச் சார்ஜ் போட்டுவிட வேண்டும். வாசலில் கைப்பெட்டியைக் கொடுக்க நேர்ந்தால் பவர் பாங்கை முதலில் வெளியே எடுங்கள். அதனால் அதுவும் சின்னப் பையில்தான்.

உடுப்பு. திருகோணமலை வெயிலில் ஏறுகிறோம் என்று மெல்லிய சேட்டோடு போய், விமானத்தில் நடுங்குகிறோம். அல்லது கனடாக் குளிருக்கென்று தடித்த ஜாக்கெட்டைக் கைப்பைக்குள் அமுக்கி ஒன்றரைக் கிலோவை வீணாக்குகிறோம். ஜாக்கெட்டைக் கையில் போட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் நிறுக்க மாட்டார்கள். இறுக்கமான ஜீன்ஸும் புதுச் சப்பாத்தும் வேண்டவே வேண்டாம். இருந்த இடத்திலேயே இருப்பதால் கால் வீங்கும், கழற்றிய சப்பாத்து இறங்கும்போது ஏறாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் கால் நாளங்களில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து கூடும் என்கிறார்கள். இரத்தத்துக்கு வான் வண்டியும் விமானமும் ஒன்றுதான், ஆகவே ஹபரணையில் இறங்கி நடப்பதும் கணக்கில் சேரும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,400 மீற்றர் உயரத்தில் இருப்பதுபோலக் குறையலாம். நம் நாட்டின் ஆக உயர்ந்த பீதுருதலாகல மலையே 2,524 மீற்றர்தான். அந்த உயரத்தில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். பாதி தீர்ந்த ஷம்பூப் போத்தல் மூடியைத் தள்ளி வழிவது அதனால்தான். வயிறு ஊதுவதும் அதனால்தான். புறப்படுகிற நாளில் கடலையும் பருப்பும் வேண்டாம் என்று மாமி சொன்னால் கேளுங்கள். காற்றும் காய்ந்தது, ஈரப்பதம் பெரும்பாலும் 20 வீதத்துக்குக் கீழ். கடற்காற்றில் வளர்ந்த தோலுக்கு அது பெரிய மாற்றம். உதட்டுக்குக் களிம்பும் ஒரு வெறும் போத்தலும் கொண்டுபோங்கள். சோதனை முடிந்த பிறகு அதில் தண்ணீர் நிரப்பலாம்.

பிள்ளைகளின் பைகளையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். நிலாவெளியில் பொறுக்கிய சிப்பிகளுக்கிடையில் முருகைக்கல் துண்டு இருக்கலாம். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. முருகைக்கல்லை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்குச் சர்வதேசக் கட்டுப்பாடும் உண்டு. அவுஸ்திரேலியா போகிறவர்கள் பணியாரம், விதை, மரச்சாமான் எது இருந்தாலும் இறங்கும் அட்டையில் எழுதிவிட வேண்டும். எழுதியதற்குத் தண்டமில்லை, மறைத்ததற்குத்தான்.

கடைசியாகக் கடதாசிகள். கனடாவுக்கு சூப்பர் விசாவில் போகும் அம்மா அப்பாமார் அழைப்புக் கடிதத்தையும் மருத்துவக் காப்புறுதிப் பத்திரத்தையும் பெரிய பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள். குடிவரவு மேசை பெட்டிக்கு முன்னால் வருகிறது, பெட்டி அதற்குப் பின்னால். மகனின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் போனில் மட்டும் இருந்தால் போதாது, தாளில் எழுதி பாஸ்போட்டுக்குள் வையுங்கள்.

வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றும்போது சின்னப் பையையும் சேர்த்துப் பின்னால் போட்டுவிடாதீர்கள். அது மடியில் இருக்கட்டும். தம்புள்ளையில் தேத்தண்ணி குடிக்க இறங்கினாலும் தோளில் மாட்டிக்கொண்டே இறங்குங்கள்.