திரவப் படிகச் செல்லில் டிசி: மாதக்கணக்கில் தின்னும் தவறுகள்

சில வாரங்களுக்கு முன் ஒரு மாணவர், தான் செய்த திரவப் படிகச் செல்லை, அதாவது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகத்தை அடைத்த செல்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "சார், நேத்து நல்லா வேலை செஞ்சுது. இன்னைக்கு வோல்டேஜ் கொடுக்காமலே வெளிச்சம் நகருது." செல்லை வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே கேட்டேன்: "ராத்திரி வயரைக் கழற்றினீங்களா?" முகம் போன போக்கிலேயே பதில் தெரிந்துவிட்டது. நான் புதிதாக இருந்த காலத்தில் என் முகமும் அப்படித்தான் போயிருக்கும்.

மின்வாயாக வேலை செய்யும் ஐடிஓ என்ற ஒளிபுகும் பூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்களை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதெல்லாம் முதல் நாளே பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் நேரத்தைத் தின்னும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். முதலில் பெரியது, டிசி.

டிசி

நெமாட்டிக் திரவப் படிகத்தில், அதாவது நீள மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்கும் வகையில், அவை திரும்புவதற்குப் பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது. வயரை மாற்றிச் செருகினாலும் அதே அளவுதான் திரும்பும். ஈ7 போன்ற கலவையில் ஏறக்குறைய 1 வோல்ட்டிலேயே அசைவு தொடங்கிவிடும். ஆக, ஒரு பேட்டரியை இணைத்தாலும் செல் வேலை செய்வதுபோலத்தான் தெரியும். "வேலை செய்யுதே, அப்புறம் எதுக்கு ஏசி?" என்று கேட்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஏமாந்தவர்கள்தான்.

சிக்கல் அயனிகளால் வருகிறது. எவ்வளவு சுத்தமான பொருளிலும் அவை கொஞ்சம் இருக்கும். ஓரத்தில் பூசும் பசையிலிருந்தும், மூலக்கூறுகளை வரிசைப்படுத்தக் கண்ணாடியில் பூசும் பாலிஇமைடிலிருந்தும் இன்னும் கொஞ்சம் கரைந்து வரும். டிசி கிடைத்ததும் அவை மெல்ல ஊர்ந்து எதிரெதிர் மின்வாய்களில் போய்க் குவிந்து, நீங்கள் கொடுக்கும் மின்புலத்தை மறைக்கத் தொடங்கும். நீங்கள் 2 வோல்ட் என்று நோட்டில் எழுதுவீர்கள், படிகத்துக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. வயரை எடுத்தாலும் அயனிகள் உடனே கலைந்து போகாது. முன்பு காட்டிய உருவத்தின் நிழல் நின்றுகொண்டே இருக்கும். இன்னும் தொடர்ந்தால் மின்வாயிலேயே வேதிவினை நடந்து பொருள் கெட்டுவிடும். அந்தச் செல்லைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

என் கதை இது. முதலில் மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு பின்னிலிருந்து 0, 5, 0, 5 என்று சதுர அலை கொடுத்தேன். ஏசி என்றே நினைத்தேன். அதன் சராசரி 2.5 வோல்ட் டிசி என்று ஒருவர் சொல்லித்தான் உறைத்தது. சரி என்று இரண்டு பின்களை எதிரெதிராக மாறவிட்டேன். செல்லுக்கு இப்போது +5, −5, சராசரி பூஜ்யம். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் பின்களை மாற்றும் வேலையை நிரலின் லூப்புக்குள் எழுதியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிழை தேடும்போது நிரலை நடுவில் நிறுத்திவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு பின் மேலே, ஒரு பின் கீழே. சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழு 5 வோல்ட் டிசி. திங்கள்கிழமை காலையில் நிரலை ஓடவிட்டதும் செல் வழக்கம்போல அசைந்தது. அதுதான் வினை. ஒன்றும் தெரியாமல் அதே செல்லில் மூன்று வாரம் வோல்டேஜுக்கும் ஒளியின் கட்டத்துக்குமான (அலை எவ்வளவு பின்தங்குகிறது என்ற அளவு, ஆங்கிலத்தில் ஃபேஸ்) வளைகோட்டை அளந்தேன். ஒவ்வொரு நாளும் வளைகோடு கொஞ்சம் நகர்ந்திருக்கும். லேசரைக் குறை சொன்னேன், அறையின் சூட்டைக் குறை சொன்னேன், ஒளியை அளக்கும் போட்டோடயோடையே மாற்றிப் பார்த்தேன். கடைசியில் செல்லைக் குறுக்குப் போலரைசர்களுக்கு இடையே வைத்தால், மின்வாய் இருந்த சதுரம் மட்டும் வேறொரு சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. மூன்று வாரத் தரவும் குப்பைக்குப் போனது.

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது, "நிரலில் சராசரி பூஜ்யம்தானே" என்ற பதில். நிரலை நம்பாதீர்கள், செல்லைக் கேளுங்கள். அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கி, போட்டோடயோடை ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். மூலக்கூறுக்குத் திசை பேதம் இல்லாததால், ஒளியின் நடுக்கம் 100 ஹெர்ட்ஸில் மட்டும்தான் வர வேண்டும். 50 ஹெர்ட்ஸ் நடுக்கமும் தெரிந்தால் எங்கேயோ டிசி ஒளிந்திருக்கிறது.

தடுக்கும் வழி மிக மலிவானது. செல்லுக்குத் தொடராக 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர், செல்லுக்கு இணையாக 1 மெகாஓம் ரெசிஸ்டர். 1 சதுர செ.மீ. பரப்பும் 5 மைக்ரான் இடைவெளியும் உள்ள செல்லின் கெபாசிட்டன்ஸ் சுமார் 2 நானோஃபாரட்தான். அதனால் 1 கிலோஹெர்ட்ஸ் ஏசி குறையாமல் செல்லுக்குப் போய்விடும். நிரல் செத்துப்போனாலும் டிசி சில விநாடிகளில் கெபாசிட்டரோடு நின்றுவிடும். அந்த இரண்டு பாகங்கள் இல்லாத செல்லை இப்போது நான் தொடுவதே இல்லை.

50 ஓம்

அலைகளை உண்டாக்கும் ஃபங்ஷன் ஜெனரேட்டர் திரையில் காட்டும் 5 வோல்ட், 50 ஓம் சுமைக்கான கணக்கு. செல் அப்படிப்பட்ட சுமை இல்லை, அதற்குப் போவது 10 வோல்ட். சரிபார்க்கச் சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் அது சைன் அலை என்று நினைத்துக்கொண்டு சதுர அலையை 11 சதவீதம் கூட்டிச் சொல்லும். ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள்.

தடிமனைக் கூட்டுவது

இரட்டை ஒளிவிலகல் (மூலக்கூறின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வித்தியாசம்) 0.2, இடைவெளி 5 மைக்ரான் என்றால் கிடைக்கும் பாதை வேறுபாடு 1 மைக்ரான். 633 நானோமீட்டர் லேசருக்கு அது ஒன்றரை அலைக்குச் சற்று மேல். போதாது என்று நேராக 25 மைக்ரானுக்குத் தாவுகிறார்கள். வோல்டேஜை எடுத்ததும் படிகம் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். ஐந்து மடங்கு தடிமனுக்கு இருபத்தைந்து மடங்கு தாமதம். கேமரா பத்துப் படம் எடுத்து முடித்த பிறகும் செல் பாதி வழியில் நிற்கும். முடிந்தால் பின்னால் ஒரு கண்ணாடி வைத்து ஒளியை இரண்டு முறை அனுப்புங்கள், வேகம் குறையாமல் கட்டம் இரட்டிப்பாகும்.

சூடு

5சிபி என்ற திரவப் படிகம் 35 டிகிரி செல்சியஸிலேயே சாதாரணத் திரவமாகிவிடும். அதை எட்டும் முன்பே இரட்டை ஒளிவிலகல் சரியத் தொடங்கும், அதற்கு மைக்ராஸ்கோப்பின் விளக்கே போதும். வெப்பநிலை எழுதாத அளவீட்டை நான் வாங்கிக்கொள்வதில்லை.

நிரப்புவது

சூடாக்கித் திரவ நிலையில் நிரப்புங்கள், இல்லாவிட்டால் ஓடிய தடம் அப்படியே பதியும்.

எஸ்எல்எம் நடுவில் வெளிச்சப் புள்ளி

எஸ்எல்எம் என்பது பிக்சல் பிக்சலாக ஒளியின் கட்டத்தை மாற்றும் திரவப் படிகத் திரை. அது உண்டாக்கும் படத்தின் நடுவில் வேண்டாத புள்ளி விழுந்தால், எல்லோரும் ஹாலோகிராம் நிரலைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். இரண்டு இடத்தைப் பாருங்கள். 633 நானோமீட்டருக்கு அளந்த வோல்டேஜ்-கட்ட அட்டவணையை 532 நானோமீட்டரில் போட்டால், முழுச் சுற்று (2π) என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் கட்டம் 2.4π-ஐ நெருங்கியிருக்கும். அடுத்தது ஒளி அதிரும் திசை. மூலக்கூறின் அச்சோடு சேராத பகுதி கட்டம் மாறாமல் நேராகப் போய் நடுவில் விழும். அந்தத் திசையைத் திருப்பும் அரை அலைத் தகடு ஒன்றை எஸ்எல்எம்முக்கு முன்னால் வைத்துச் சுழற்றி, புள்ளி மிக மங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கும். பிக்சல்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அது, தகட்டைச் சுழற்றி அதைப் போக்க முடியாது.